மீன்களுக்குத் தெரிந்த காலடி

அத்தியாயம் பதினொன்று

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அப்பா போட்ட குண்டு, ஒரு வாரமாகியும் வெடிக்காமல் அங்கேயே கிடந்தது.

“அடுத்த ஞாயிறு ஒருத்தங்க சாப்பிட வர்றாங்க” என்றார். யாரென்று கேட்டதற்கு “தெரிஞ்சவங்கதான்” என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

பெரியவள் துருவிக் கேட்கவில்லை. தம்பிக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னாள். சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தவன், “அப்பா நீச்சல் கத்துக்கப் போறாரில்ல, அங்க யாரையாவது பிடிச்சிருப்பார்” என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா போய் இன்னும் ஒரு வருடம் திரும்பவில்லை. வெளியூரில் கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு, அப்பாவைத் தனியாக விடக்கூடாது என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில், விடியும்போது கிளம்பினால் மதியம் திரும்புகிற வேலை. கண்ணாடிக் கடையை விற்றுவிட்டு ஓய்வாக இருக்கும் அப்பாவுக்குத் தன்னை விட்டால் யார் என்று நினைத்தே ஒவ்வொரு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அந்த ஞாயிறு வந்துவிட்டது.

காலையில் தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போனாள். குளம் ஒன்றும் பெரியதில்லை. நான்கு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். சுற்றிலும் கருங்கல் கரை, ஒரு மூலையில் பம்பிலிருந்து சலசலவென்று விழுகிற தண்ணீர், மறுமூலையில் அல்லி இலைகள். எல்லாம் அம்மாவின் வேலை. கடையில் குட்டியாக வாங்கிவந்த கோய் என்கிற வண்ணக் கெண்டைகள் இப்போது முழங்கை நீளம் இருந்தன. அவற்றின் இடுக்கில் தங்கமீன்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கும்பலாக ஓடின.

அம்மா ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தாள். வெள்ளை உடம்பும் நெற்றியில் சிவப்புப் பொட்டுமாக எல்லாரையும் முட்டித் தள்ளிக்கொண்டு வருவது மேனேஜர். தங்க நிறத்தில் இலைக்கடியிலேயே பதுங்கி, இரண்டு மூன்று தடவை கூப்பிட்டால்தான் எட்டிப் பார்ப்பது மாப்பிள்ளை. “இவன் என் கையில சாப்பிடறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு. அவ்வளவு கிராக்கி” என்பாள்.

பெரியவள் கரையில் குந்தி உட்கார்ந்து ஒரு பிடி உருண்டைகளைத் தூவினாள். தங்கமீன்கள் வந்தன. கோய் மீன்கள் வரவில்லை. எதிர்க்கரையில், பக்கத்துச் சந்துக்குத் திறக்கிற சின்னக் கதவைப் பார்த்தபடி, வரிசையில் நிற்பவர்கள்போல நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் இவை இப்படித்தான். மற்ற நாட்களில் காலைத் தீனியை அப்பா பார்த்துக்கொள்கிறார், சாயங்காலம் இவள். சாயங்காலம் ஒழுங்காக வருகின்றன. ஞாயிறு காலையில் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. தன்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வாள்.

மாப்பிள்ளை கண்ணில் படவே இல்லை. இவள் கையில் அது ஒருநாளும் வாய் வைத்ததில்லை.

மிதந்த உருண்டைகள் ஊறிக் கரைவதற்குள் வலையால் அள்ளி எடுத்துவிட்டு உள்ளே வந்தாள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டைதான்.

சின்னவன் பத்து மணி வாக்கில் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தான். அடுப்பிலிருந்த கோழியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

“பலமா இருக்கே. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொல்லியிருந்தா நானும் நல்ல சட்டை போட்டுட்டு வந்திருப்பேன்.”

“வாயை வச்சுட்டு சும்மா இரு. அப்பா காதுல விழும்.”

“விழட்டும். அவரே சொல்ல முடியாம தவிக்கிறார். நாமளாவது கதவைத் திறந்து விடலாம்.” பழத்தைக் கழுவத் தொடங்கினான். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “அக்கா, யார் வந்தாலும் இன்னைக்கு ஒரு நாள் ஒண்ணும் கேக்காத. சாப்பிட்டுப் போகட்டும்” என்றான்.

“நான் ஏன் கேக்கப் போறேன்?”

அவன் பழத்தை வேண்டியதற்கு மேல் கழுவிக்கொண்டிருந்தான்.

வந்த பெண்மணிக்கு அப்பாவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி. வெயிலில் வருடக்கணக்காக நின்ற தோல். ஒரு காலைக் கொஞ்சம் அழுத்தி, மற்றதை லேசாக வைக்கிற நடை. நீச்சல்குளத்தில் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர் என்று அப்பா சொன்னார். சின்னவன் சொன்னது சரியாகப் போயிற்று.

“நம்ம வீட்டுக்கு இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றாங்க” என்றார் அப்பா, யாரும் கேட்காமலே.

டீச்சர் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். 

கூடத்தில் நாலு பேரும் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினார்கள். லிஃப்டுகளைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு தீர்ந்துபோனது. விருந்தாளியிடம் பேச ஒன்றுமில்லாதபோது வீட்டைச் சுற்றிக் காட்டுவது வழக்கம்தானே என்று பெரியவள், “எங்க தோட்டத்தைப் பாக்கறீங்களா? குளம் இருக்கு” என்றாள்.

“இப்ப எதுக்கு, வெயில்” என்றார் அப்பா.

“ரெண்டு நிமிஷம்தானேப்பா.”

அவளே முன்னால் நடந்தாள். பின்னால் டீச்சர். அவருக்குப் பின்னால் அப்பாவும் சின்னவனும். கல் பதித்த பாதையில் டீச்சரின் செருப்பு ஒன்று அழுத்தமாகவும் ஒன்று லேசாகவும் விழுந்தது.

குளம் கண்ணில் படுவதற்கு முன்பே தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது.

எதிர்க்கரையில் இருந்தவை, பம்பினடியில் இருந்தவை, அல்லிக்குக் கீழே இருந்தவை, அத்தனையும் பாதை வந்து முடிகிற கல்லருகே குவிந்திருந்தன. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, வாயைப் பிளந்து பிளந்து மூடின. பெரியவள் நகர்ந்து வழிவிட்டாள். மீன்கள் அவளை விட்டுவிட்டு டீச்சர் நின்ற பக்கம் திரும்பின. டீச்சர் சங்கடப்பட்டு இரண்டடி ஒதுங்கினார். அவையும் கரையோரமாகவே ஒதுங்கின.

முன்வரிசையில், மேனேஜருக்கும் முன்னால், மாப்பிள்ளை நின்றது.

“பசி போல” என்றான் சின்னவன் அவசரமாக. “இதுங்களுக்கெல்லாம் ஆளா தெரியும்? யார் வந்து நின்னாலும் வாயைத் திறக்கும்.”

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

பெரியவள் மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தாள். அம்மாவையே ஒரு வருடம் காக்க வைத்த மீன். எத்தனை நாள் காலையில் வந்திருந்தால் இது இந்தக் காலடிக்கு ஓடிவரும்? அப்பாவின் தனிமை ஒரு வருடம்கூட ஆகவில்லையே. அப்படியானால் எப்போதிருந்து?

அந்தக் கேள்வியை முழுதாக நினைத்துப் பார்க்கவே கூசியது. “கோழி கருகிடும்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

சமையலறையில் கரண்டியை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். வாசலில் நிழல் விழுந்தது.

“தண்ணி எடுத்து வைக்கட்டுமா?” என்று கேட்டபடி டீச்சர் வந்து சுவரோரம் இருந்த அலமாரியைத் திறந்தார். உள்ளே துடைப்பமும் தரை துடைக்கிற வாளியும் இருந்தன. மூடிவிட்டு அடுத்த கதவைத் திறந்தார். அரிசி. “டம்ளர் எங்க இருக்கும்மா?” என்றார்.

பெரியவள் அவரைப் பார்த்தாள். மீன்களுக்கு அவரைத் தெரிகிறது. இந்தச் சமையலறை அவருக்குத் தெரியவில்லை. நடிக்கிற முகமாகவும் இல்லை.

“நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்க” என்றாள்.

டீச்சர் அலமாரிக் கதவிலிருந்து கையை எடுத்தார். “ஆமா. உங்கப்பா ஏன் அப்படிச் சொன்னார்னு எனக்குத் தெரியும். ஆனா நானும் வாயை மூடிட்டு நின்னது தப்புதான்.”

“எவ்வளவு நாளா?”

“தோட்டத்துக்கா?”

“தோட்டத்துக்கு.”

“உங்கம்மா இருந்தப்பவே.”

அடுப்பை அணைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கை போகவில்லை.

“அம்மா இருக்கும்போதே. இந்த வீட்டுக்கு.”

“அவங்கதான் என்னைக் கூப்பிட்டாங்க” என்றார் டீச்சர்.

“டீச்சர், வேணாம்.” சின்னவன் வாசலில் நின்றிருந்தான். முகத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிற சிரிப்பைக் காணோம். “அதை விட்டுடுங்க.”

பெரியவள் மெதுவாகத் திரும்பினாள். “உனக்குத் தெரியுமா?”

“இவங்கதான்னு தெரியாது. நான் சாயங்காலம்தான் வருவேன். காலைல ஒருத்தங்க வந்து போறாங்கன்னு மட்டும் தெரியும்.”

“எதுக்கு வந்து போறாங்க?”

“அக்கா...”

“எதுக்குடா?”

“மீனுக்குப் போட.” அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். “அம்மாவால முடியல அக்கா. கடைசி அஞ்சு மாசம் அம்மா தோட்டத்துப் படி இறங்கவே இல்ல.”

பெரியவளுக்கு முதலில் அது புரியவில்லை. புரிய மறுத்தது.

அந்த அஞ்சு மாசமும் அவள் தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் அம்மாவுக்குப் போன் போடுவாள். “இப்பதான் மீனுக்குப் போட்டுட்டு வந்து உக்காந்தேன்” என்பாள் அம்மா. “மேனேஜர் என் விரலையே முழுங்கப் பாக்கறான்” என்பாள். முகத்தைக் காட்டச் சொன்னால், “என் மூஞ்சில என்ன புதுசா இருக்கு, மீனைப் பாரு” என்று படம் அனுப்பிவிடுவாள். குனிந்து நிமிர்ந்து மீனுக்குத் தீனி போடுகிறவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று பெரியவள் நிம்மதியாக இருந்தாள். ஊருக்கு வருவதை இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டாள். கடைசி வாரம் வந்து ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, திடீரென்று இப்படி ஆகிவிட்டது என்றார்கள். நம்பினாள்.

“அந்தப் படமெல்லாம்?” என்றாள்.

“நான் எடுத்ததும்மா. அவங்க போனை வாங்கிட்டுப் போய் எடுப்பேன்” என்றார் டீச்சர். “முதுகு வலிக்குத் தண்ணில நடக்கச் சொல்லி எங்க குளத்துக்கு வந்துட்டிருந்தாங்க. அப்படித்தான் பழக்கம். அப்புறம் வர முடியாமப் போச்சு. பார்க்க வந்தேன். நான் வேலைக்குப் போற வழி இந்தப் பக்கம்தான். ‘வீட்டுக்குள்ள வர வேணாம், இவர் ராத்திரி பூரா எங்கூட முழிச்சிருந்துட்டுக் காலைலதான் கண்ணசர்றார். சந்துக் கதவு வழியா வந்து போட்டுட்டுப் போ’ன்னாங்க. ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டே இருப்பாங்க. அவங்க போனப்புறமும் ஞாயித்துக்கிழமை தவிர மத்த நாள் நீ வேலைக்குக் கிளம்பினதும் வந்து போட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?”

 அப்பா எப்போது வந்தாரென்று தெரியவில்லை. சின்னவனுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“அவ சத்தியம் வாங்கிட்டா பாப்பா” என்றார். “நீ அங்க அப்பதான் சேர்ந்திருந்த. ‘தெரிஞ்சா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா. நானும் போயி அவ வேலையும் போச்சுன்னா அவ என்ன பண்ணுவா’ன்னு சொன்னா.”

“வேலையைத்தான் எப்படியும் விட்டுட்டேனேப்பா.”

“ஆமா.”

“அப்ப வந்திருந்தா அஞ்சு மாசம் அம்மாகூட இருந்திருப்பேன். எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு நீங்க எல்லாரும் உக்காந்து முடிவு பண்ணீங்க.” குரல் உயரவில்லை. அதுதான் சின்னவனைத் தலை குனிய வைத்தது. “அப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருஷமா அதே வீட்டுல என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க.”

“சொல்லலாம்னு பலதடவை வாயெடுத்தேன்” என்றார் அப்பா. “டீச்சர் இங்க வந்துட்டிருந்தாங்கன்னு சொன்னா, எப்பலேர்ந்துன்னு கேப்ப. ஏன்னு கேப்ப. ஒரு நூலை இழுத்தா அத்தனையும் வரும். அதான் முதல் தடவைன்னு சொல்லிட்டேன். மீன் இப்படிக் காட்டிக் கொடுக்கும்னு நினைக்கல.”

கோழி நிஜமாகவே அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. டீச்சர் கை நீட்டி அடுப்பை அணைத்தார்.

பெரியவள் கூடத்துக்கு வந்து நின்றாள். அம்மாமேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது. இல்லாதவள்மேல் கோபப்பட்டு எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பது? தினமும் மூச்சு வாங்காமல் இரண்டு நிமிடம் பேசிமுடிக்க அம்மா எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று நினைத்தாள். சில நாள் “அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று சட்டென்று போனை வைத்துவிடுவாள். அப்போதெல்லாம் அடுப்பில் பால் இருந்திருக்காது.

பின்னாலேயே வந்த அப்பாவிடம், “அம்மா எங்க உக்காருவா?” என்று கேட்டாள்.

அப்பா சாப்பாட்டு அறை ஜன்னலைக் காட்டினார். “கட்டிலைக் கீழ இறக்கிப் போட்டிருந்தோம். கொஞ்சம் தெம்பு இருந்தா நாற்காலில.”

பெரியவள் அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலில் பாதிக் குளம் தெரிந்தது. பம்பு இருக்கிற மூலை தெரியவில்லை. அல்லி இருக்கிற பக்கம் நன்றாகத் தெரிந்தது.

“டீச்சர்” என்றாள், திரும்பாமலே. “அப்ப போடுவீங்களே, அதே மாதிரி ஒருதடவை போடறீங்களா? எனக்குப் பாக்கணும்.”

டீச்சர் அப்பாவைப் பார்க்கவில்லை, சின்னவனைப் பார்க்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

தோட்டத்தில் அந்த ஒற்றைக்கால் அழுத்தம் கேட்டது. தண்ணீர் கொந்தளித்தது. டீச்சர் ஒரு முழங்காலைக் கல்லில் ஊன்றி, மற்றதை மடக்கி உட்கார்ந்தார். முதலில் தங்கமீன்களுக்குத் தூரமாக ஒரு பிடி வீசினார். அவை அந்தப் பக்கம் ஓடியதும் கையைத் தண்ணீருக்குள் விட்டு விரித்தார். பெரிய மீன்கள் ஒவ்வொன்றாக வந்து உள்ளங்கையை உறிஞ்சிவிட்டு விலகின. வெயிலில் அவற்றின் முதுகு வெள்ளையும் சிவப்பும் பொன்னுமாகப் புரண்டது. அம்மா இதைத்தான் பார்த்திருக்கிறாள். இது நடந்துகொண்டிருக்கும்போதே போனை எடுத்து மகளிடம் பேசியிருக்கிறாள். மீன் விரலை முழுங்கப் பார்க்கிறது என்று சொன்னது பொய்யில்லை. விரல்தான் வேறு.

டீச்சர் கையை உதறிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்காமலே, பழக்கதோஷத்தில் வலது கையை மேலே தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார். தூக்கிய பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது.

“என்னப்பா அது?”

“போதுமான்னு கேக்கறாங்க.” அப்பா ஜன்னல் பக்கம் நெருங்கி வந்தார். “எவ்வளவு போட்டாலும் உங்கம்மா ரெண்டு விரலைக் காட்டுவா. இன்னும் ரெண்டு போடுன்னு. தண்ணி கெட்டுடும்னு அவங்க தலையாட்டுவாங்க. தினம் இந்தச் சண்டை நடக்கும். நான் சில நாள் படுத்துட்டே கேட்டிருக்கேன். அந்த நேரத்துல மட்டும்தான் அவ சிரிக்கிற சத்தம் வரும்.”

டீச்சர் இப்போது திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

பெரியவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

டீச்சர் மாட்டேன் என்று தலையாட்டினார். பிறகு முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு, டப்பாவில் கைவிட்டு, இரண்டு உருண்டைகளை எடுத்துப் போட்டார்.

பெரியவள் அழுதாள். சின்னவன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். சின்ன வயதில் அடி வாங்கின பிறகு அவன் அப்படித்தான் வந்து உட்காருவான்.

அடிப்பிடித்த கோழியை எல்லாரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் பொய் சொல்லவில்லை.

சாயங்காலம்வரை இருக்கச் சொன்னதற்கு டீச்சர் சம்மதிக்கவில்லை. வகுப்பு இருக்கிறது என்றார். பெரியவளிடம், “என்மேல கோபம் இருந்தா இருக்கட்டும்மா. அவங்க சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. கேக்கணும்னு தோணும்போது கேளு” என்றார். அவள் தலையசைத்தாள். கோபம் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பா வாசல்வரை போனார். அக்காவும் தம்பியும் பாத்திரம் கழுவ நின்றார்கள். சமையலறை ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. அப்பாவும் டீச்சரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் என்னவோ கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டினார். டீச்சர் மறுபடி அதையே கேட்டது போலிருந்தது. அப்பா வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ என்ன சொல்லப் போற?” என்றான் சின்னவன்.

“யாரும் எங்கிட்ட இன்னும் ஒண்ணும் கேக்கலையே.”

“கேட்டா?”

“கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்.” தட்டைத் துடைத்து அவனிடம் நீட்டினாள். “நீ இனிமே எங்கிட்ட எதையாவது மறைச்சே, லிஃப்டோட சேர்த்துக் கீழ தள்ளிடுவேன்.”

“சரிக்கா.”

வாசல் கதவு மூடும் சத்தம் கேட்டது. அப்பா நேரே சமையலறைக்கு வந்தார். அங்கே அவர் உட்காருகிற வழக்கமில்லை. இன்றைக்கு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். ஒரு பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

“பாப்பா, மீன் விஷயம் நான் சொல்லாமலே வெளிய வந்துடுச்சு. ஆனா நான் அவங்களை இன்னைக்குச் சாப்பிடக் கூப்பிட்டது அதுக்கில்ல.”

பெரியவள் ஈரக்கையைத் துணியில் துடைத்தாள். துணியை மடித்து வைத்தாள். அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

“தெரியும்ப்பா” என்றாள். “சொல்லுங்க. இந்தத் தடவை எதையும் விடாம சொல்லுங்க.”